அலுமாரிக்குள் இருந்த சிவப்புச் சீனி

தர்சினிக்கு நிலாந்தினியைப் பிடிக்காமல் போனதற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை. அதுதான் பெரிய கரைச்சல். காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் அதைக் கரம்பொன் ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லியே ஆறியிருப்பாள். நிலாந்தினி வாய்காட்டுகிறவள் இல்லை. கண்டால் "அக்கா" என்று ஓடிவருவாள். வந்த வீட்டில் சும்மா இருக்கவும் மாட்டாள். தொட்டிக்குள் ஆருடைய கோப்பை கழுவாமல் கிடந்தாலும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவாள். இப்படி ஒருத்தியைப் பிடிக்காமல் இருப்பதற்கு நல்ல பிடிவாதம் வேண்டும். தர்சினியிடம் அது தாராளமாக இருந்தது.

இரண்டு பேரும் ஒரே குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மூத்தவன் பிரதாபனின் மனைவி தர்சினி, இளையவன் ஜெகதீசின் மனைவி நிலாந்தினி. தர்சினிக்குக் கரம்பொன்னில் சீதன வீடு. நிலாந்தினியின் ஆட்கள் மடத்துவெளிக்காரர். தகப்பன் தெற்கே கொழும்பில் கடை வைத்திருந்ததால் அவள் பிறந்து வளர்ந்தது, கேக் வகுப்புக்குப் போனது எல்லாம் அங்கேதான். கல்யாணம் முடித்து வந்தபின் நாரந்தனையில் மாமி, ஜெகதீசின் தாய் சறோஜினிதேவியோடு இருக்கிறாள். கரம்பொன்னுக்கும் நாரந்தனைக்கும் ஸ்கூட்டியில் வந்தால் ஒரு பாட்டுக் கேட்டு முடிகிற தூரம். அந்தத் தூரம் போதாது என்பது தர்சினியின் அபிப்பிராயம்.

நிலாந்தினி வருவதற்கு முன்னம் அந்தக் குடும்பத்தில் கேக் என்றால் தர்சினி. ஆரும் கூட்டம் வைத்து அப்படித் தீர்மானிக்கவில்லை, அது தன்பாட்டில் அப்படி ஆகிவிட்டிருந்தது. பிறந்தநாளா, குடிபுகுதலா, வெளிநாட்டில் இருந்து ஆரும் வந்து நிற்கிறார்களா, அவளுடைய பட்டர் கேக் போகும். பக்கத்து வளவு யூலியானா ரீச்சர் நத்தார்ப் பண்டிகைக்கு அவளிடம்தான் சொல்லிவைப்பார். பட்டரையும் வெள்ளைச் சீனியையும் ஒன்றாகப் போட்டு அவள் அடிக்கத் தொடங்கினால், சீனியின் பரல் கரைந்து, பட்டர் வெளுத்து, கிண்ணத்தில் இருந்தது இரண்டு மடங்காகிற வரைக்கும் கை ஓயாது. ஜெகதீசின் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் போட்டதும் அவள்தான். புதுப்பொம்பிளையாக நின்ற நிலாந்தினி ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "அக்கா, இவ்வளவு மெதுவா எப்பிடி வந்தது?" என்று கேட்டாள். அன்றைக்குத் தர்சினிக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

அந்தப் பிடிப்பு லக்சிகாவின் பிறந்தநாளோடு போயிற்று. லக்சிகா பிரதாபனின் தங்கச்சியின் மகள், இரண்டு மாமன்மாருக்கும் செல்லம். அன்றைக்குத் தர்சினிக்குக் காய்ச்சல் என்றபடியால் நிலாந்தினி கேக் போட்டாள். கபில நிறத்தில், ஐசிங் ஒன்றும் இல்லாமல், பார்வைக்கு ஒரு வடிவும் இல்லாத கேக். கொழும்பில் இருந்து கொண்டுவந்த, ஈரமண் மாதிரிப் பிடித்தால் பிடியில் நிற்கிற ஒருவகைச் சிவப்புச் சீனியில் போட்டதாம். எங்கள் கடைகளில் கிடைக்கிற சிவப்புச் சீனி வறண்டு பரல்பரலாக இருக்கும். இது வேறு சாதி. கரும்புப் பாணியைப் பிழிந்து எடுக்காமல் அப்படியே விட்டது. அந்தப் பாணிதான் கேக்கை நாலு நாளைக்குக் காயாமல் வைத்திருக்கும். இதையெல்லாம் நிலாந்தினியே பின்னர் விளக்கினாள், ஆரும் கேட்காமலேயே.

காய்ச்சலோடு கதிரையில் இருந்து தர்சினி எல்லாவற்றையும் பார்த்தாள். லக்சிகா விரலை நக்கினாள். அதைக்கூடப் பொறுத்திருக்கலாம். ஆனால் மாமி இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினா. இத்தனை வருசமாகத் தர்சினியின் கேக்கில் ஒரு துண்டை எடுத்து, "நல்லாக் கிடக்குப் பிள்ளை" என்று சொல்லி, வாயைத் துடைத்துக்கொண்டு எழும்புகிற மாமி. அந்த இரண்டாவது துண்டு தர்சினியின் நெஞ்சுக்குள் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்த கிழமை நிலாந்தினி அதே சீனியில் ஒரு பைக்கற்றைக் கொண்டுவந்து தர்சினியின் கையில் வைத்தாள். "உங்கட கைக்கு இது இன்னும் நல்லா வரும் அக்கா. போட்டுப் பாருங்கோ," என்றாள். எத்தனை முட்டை, எவ்வளவு அப்பச்சோடா, எவ்வளவு சூடு என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். ஒளித்திருந்தாலாவது அவளைக் கள்ளி என்று நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கலாம். தர்சினி பைக்கற்றின் மூலையை வெட்டி ஒருதரம் மணந்து பார்த்தாள். நல்ல வாசம். அந்த எரிச்சலோடு அதை அலுமாரிக்குள் சீலைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

இது நடந்து மாதங்கள் போயின. லக்சிகா பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்கை மாமி வீட்டிலேயே செய்ய நாள் வைத்தார்கள். தாய்மாமன் வீட்டுத் தட்டுகளில் பலகாரம், பழம், பூ எல்லாவற்றோடும் ஒரு கேக்கும் போகிறது இப்போது வழக்கம். அந்தக் கேக் ஆர் வீட்டில் இருந்து போகும் என்பதில் தர்சினிக்குச் சந்தேகமே இருக்கவில்லை, மாமி வந்து கதிரையில் இருந்து தொண்டையைச் செருமுகிற வரைக்கும்.

"பிள்ளை, நீ இந்தமுறை பயித்தம் பணியாரத்தைப் பாரன்."

"கேக் மாமி?"

"அதை நிலாந்தினி போடட்டும். பெட்டைக்கு அந்தக் கபிலக் கேக்தான் வேணுமாம். சாமத்தியப்படுற பிள்ளையின்ர ஆசையை நாங்கள் மறிக்கலாமோ?"

தர்சினி மறிக்கவில்லை. "அதுக்கென்ன மாமி," என்றாள். தேத்தண்ணீரும் போட்டுக் கொடுத்தாள். மாமி போனபின் பணியாரத்துக்கு வறுத்த பயறு கருகிப்போயிற்று.

சடங்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் மாமி முட்டை தொடமாட்டா, ஆனால் கேக்குக்குள் போன முட்டையை அவ முட்டையாக எண்ணுகிறதில்லை. வியாழக்கிழமை கேக் போடுகிறதாக ஏற்பாடு. அந்த வியாழக்கிழமை பார்த்துத்தான் கடையடைப்பும் வந்தது. பஸ் இல்லை. பட்டினத்தில் ஒரு கடைக் கதவும் திறக்கவில்லை. ஊர்க் கடையிலும் பாதிக் கதவைத் திறந்து அவசரத்துக்கு அரிசியும் வெள்ளைச் சீனியும் விற்றார்கள்.

காலமை ஒன்பது மணிபோல நிலாந்தினியின் ஸ்கூட்டி தர்சினியின் படலைக்கு முன்னால் வந்து நின்றது. தலைகூட ஒழுங்காக இழுக்காமல் வந்திருந்தாள்.

"அக்கா, ஒரு கரைச்சல். மாமி என்ர சீனியைத் தேத்தண்ணிக்குப் போட்டிட்டா."

"என்ன?"

"நேற்றுப் பந்தல் போட வந்த ஆக்களுக்கு. சிவப்புச் சீனி உடம்புக்கு நல்லது எண்டு ஆரோ சொன்னவையாம். முழுதும் முடிஞ்சுது." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "மாமியை என்ன சொல்லுறது? நல்லதுக்குத்தானே செய்தவ. நான் அண்டைக்குத் தந்த பைக்கற் கிடக்கோ அக்கா?"

அலுமாரி அடுத்த அறைக்குள் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. தர்சினி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அதோ? அது எப்பவோ முடிஞ்சுது."

நிலாந்தினியின் முகம் வாடவில்லை, மலர்ந்தது. "போட்டனீங்களோ? நல்லா வந்ததோ அக்கா?"

"பரவாயில்லை."

"எனக்குத் தெரியும், உங்கட கைக்கு வருமெண்டு." சந்தோசப்பட்டுவிட்டு மறுபடி கவலைக்கு வந்தாள். "இப்ப என்ன செய்யிறது? வெள்ளைச் சீனியில அந்த ஈரம் வராது. கித்துள் பாணி கொஞ்சம் இருந்தாலும் வெள்ளைச் சீனிக்குள்ள பிசறிச் சமாளிக்கலாம், அதுவும் இல்லை. மாமியிட்டப் பனங்கட்டிக் குட்டான்தான் கிடக்கு. அதைப் போடலாமோ அக்கா? நீங்கள் எப்பவும் போட்டுப் பார்த்தனீங்களோ?"

தர்சினி போட்டுப் பார்த்திருக்கிறாள். பிரதாபனைத் தவிர ஒருவருக்கும் தெரியாத கதை அது. இரண்டு வருசத்துக்கு முன்னம் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரி சிவப்புச் சீனியில் கேக் போட்டதைப் பார்த்துவிட்டு, சீனிக்குப் பதில் பனங்கட்டியைச் சீவிப் போட்டாள். கேக் எழும்பவே இல்லை. கறுத்து, களிபிடித்து, வாயில் வைத்தால் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். அடுப்படிக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டாள். பிறகு அவளுக்கு அது ஒரு வீம்பாகி, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

இனிப்பெல்லாம் ஒன்று என்று நினைக்கிறவர்கள் தேத்தண்ணீர் போடலாம், கேக் போடக்கூடாது. சிவப்புச் சீனிக்குள் மெல்லிய புளிப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. அப்பச்சோடா அந்தப் புளிப்போடு சண்டை பிடித்துத்தான் கேக்கை மேலே தூக்கும். எங்கள் பனங்கட்டியின் கதை வேறு. பனையில் ஊறுகிற கருப்பநீர் புளித்துக் கள்ளாகிவிடக்கூடாது என்று முட்டிக்குள் சுண்ணாம்பு பூசித்தான் இறக்குவார்கள். சுண்ணாம்பு கண்ட அந்த நீரைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டியில் புளிப்புக்கு எங்கே போவது? சோடா சண்டைக்கு ஆளில்லாமல் அப்படியே கிடந்து, கடைசியில் தின்கிறவரின் வாயோடு சண்டைக்கு வரும். அதற்கு மருந்து புளித்த தயிர். அரைக் கோப்பை விட்டால் எழும்பும். பனங்கட்டியின் ஈரத்துக்காக மாவும் கொஞ்சம் கூட்டவேண்டும். தர்சினி இதைப் பாடுபட்டுத்தான் படித்தாள். கொழும்பில் கேக் வகுப்புக்குப் போனவளுக்குச் சுண்ணாம்பு பூசின முட்டியைப் பற்றி ஆர் சொல்லிக் கொடுத்திருக்கப் போகிறார்கள்?

"ஓம். போட்டனான்," என்றாள் தர்சினி.

"அளவு மாத்த வேணுமோ?"

"இல்லை. மெல்லிசாச் சீவிப் போடும், காணும்."

"சோடா?"

"உம்மட அளவிலயே போடும்."

நிலாந்தினி அவளுடைய கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு ஓடினாள். போகிற போக்கில், தொட்டிக்குள் கிடந்த பிரதாபனின் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்க்க மறக்கவில்லை. ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கையால் திரும்பி அடங்குகிற வரைக்கும் தர்சினி குசினியிலேயே நின்றாள். பனங்கட்டி போட்டது உண்மைதானே, அதில் என்ன பொய் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தயிரைப் பற்றி அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அலுமாரியைப் பற்றி மட்டும் அவளால் இப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதனால் அதை நினைக்காமல் பணியாரத்துக்கு மா குழைத்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் ஜெகதீசின் மோட்டார்சைக்கிளில் மாமி வந்து இறங்கினா. கையில் கடதாசியில் சுற்றின ஒரு துண்டு.

"இதைத் தின்று பார் பிள்ளை."

தர்சினி நுனியைக் கிள்ளி வாயில் வைத்தாள். அதே சவர்க்காரம். அவளுக்கு உள்ளே ஏதோ துள்ளிக் குதித்தது. வெட்கம் கெட்ட சந்தோசம், மறைக்க முகத்தைச் சுளித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நல்லகாலம், கேக்கும் சுளிக்கத்தக்கதாகவே இருந்தது.

"ஐயோ பாவம். அவ என்ன செய்யிறா?"

"அழுறாள். கொழும்பில படிச்சது கொழும்புச் சாமானுக்குத்தான் சரிவரும் போல." மாமி கதிரையில் சாய்ந்தா. "ஏன் பனங்கட்டியைப் போட்டனி எண்டு கேட்டன். தானே யோசிச்சுப் போட்டதாம்."

துள்ளின சந்தோசம் அந்த இடத்தில் ஒருதரம் இடறியது. தானே யோசித்துப் போட்டதாமா? தர்சினி அக்காதான் சொன்னவ என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், நான் இப்படிச் சொல்லவில்லையே மாமி, அவ பிழையாக விளங்கிவிட்டா என்று சொல்ல மறுமொழிகூட ஆயத்தமாக இருந்தது. அந்த மறுமொழி இப்போது வாய்க்குள் வீணாகக் கிடந்தது.

"நீ ஒண்டு போட்டுத் தா பிள்ளை. விடிஞ்சால் சடங்கு. உன்ர பட்டர் கேக் காணும்."

போதும் என்கிற மாதிரிச் சொன்ன அந்தக் காணும்தான் பிழையாகிப் போயிற்று. வேறு என்ன சொல்லியிருந்தாலும் தர்சினி பட்டர் கேக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பாள்.

"பெட்டை கேட்டது அந்தக் கேக்கை எல்லோ மாமி. அதையே போடுறன்."

"அந்தச் சீனிக்கு எங்க போறது?"

"பனங்கட்டியிலயே போடுறன். அதின்ர பக்குவம் எனக்குத் தெரியும்."

இதைச் சொன்னபோது அவள் உண்மையாகவே சொன்னாள். மாமி போனதும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து தயிரை எடுத்து வெளியில் வைத்தாள். மாமி ஜெகதீசிடம் கொடுத்துவிட்ட ஓலைக் குட்டானைப் பிரித்துப் பனங்கட்டியைச் சீவத் தொடங்கினாள். அப்படியே போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. கேக் எழும்பியிருக்கும், ஊர் மெச்சியிருக்கும், ஒரு பொய்யும் கூடியிருக்காது.

ஆனால் அவளுக்குத் தன்னுடைய பனங்கட்டிக் கேக்கையும் தெரியும். எழும்பும், ஆனால் கொஞ்சம் பாரம். பனங்கட்டியின் புகைவாசமும் அடியில் ஒரு உப்புக்கரிப்பும் எந்தத் தயிருக்கும் போகாது. நல்ல கேக், சந்தேகமில்லை. மாமி ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "நல்லாக் கிடக்குப் பிள்ளை" என்பா. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு எழும்புவா. தர்சினி கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அலுமாரிக்குப் போனாள்.

பைக்கற் கல்லாக இருந்தது. வெட்டின மூலையால் காற்றுப்போய், ஈரம் எல்லாம் வற்றி, சீனி ஒரே கட்டியாக இறுகிவிட்டிருந்தது. துணியில் சுற்றி அம்மியில் வைத்துக் குழவியால் குத்தினாள். பிரதாபன் தோட்டத்தில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்னத்தை இடிக்கிறீர்?"

"பனங்கட்டி."

"பனங்கட்டியை இடிக்கிறதே? சும்மா உம்மட பட்டர் கேக்கைப் போடுமன். அதுக்கு ஆர் குறை சொன்னது?"

"ஒருத்தரும் குறை சொல்லேல்லை. நீங்கள் போய்க் குளியுங்கோ."

குத்தினதை அரித்தாள். அரிக்க அரிக்க அரிதட்டில் சின்னச் சின்னக் குறுணி மிஞ்சியது. திரும்பவும் குத்த வேண்டும். அளவு கொஞ்சம் குறைந்தது, பொழுதும் படத் தொடங்கியிருந்தது. வெந்தால் கரைந்துவிடும் என்று குறுணியையும் சேர்த்துக் கொட்டினாள். குத்தாமல் மிஞ்சின பாதிக் கட்டியைப் பைக்கற்றோடு மடித்து மறுபடி சீலைகளுக்குப் பின்னால் வைத்தாள். நிலாந்தினி சொல்லித் தந்த அளவு ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை. எல்லாம் சொன்னபடி போட்டாள். ஓவன் கண்ணாடிக்குள்ளால் கேக் மெல்ல எழும்புவதைக் குந்தியிருந்து பார்த்தாள். லக்சிகாவின் பிறந்தநாள் கேக்கைவிட ஒரு விரல் உயரம். அந்த ஒரு விரலுக்காக அவள் எதையும் செய்திருப்பாள் என்று அப்போது தோன்றியது, செய்துவிட்டாள் என்பது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் முறைப்படி நடந்தது. மாமன்மார் பால் வைத்து, பிள்ளையைத் தோயவார்த்து, சீலை உடுத்திக் கொண்டுவந்து இருத்தினார்கள். தட்டுகள் வரிசையாக வந்தன. ஆலத்தி முடிந்து, வீடியோக்காரன் சொன்ன பக்கமெல்லாம் திரும்பிச் சிரித்து, கடைசியில் லக்சிகா கேக்கை வெட்டினாள். உள்ளே நல்ல கபில நிறம், ஈரம் பிடித்த மெதுமை. ஒரு துண்டை வாயில் வைத்தவள் கண்ணை விரித்தாள்.

"தர்சினி மாமி, இது அண்டைக்குத் தின்றதை விட நல்லாக் கிடக்கு."

இந்த ஒரு வசனத்துக்குத்தானே இவ்வளவும். தர்சினிக்குக் காதுமடல் சூடாகியது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கோப்பைகள் நீண்டன. மாமி ஒரு துண்டைத் தின்றா. பிறகு, ஆரும் சொல்லாமல், தானாகவே இரண்டாவது துண்டை எடுத்தா. தர்சினி அதைக் கண்ணால் கண்டாள். வாழ்க்கையில் வேறு என்ன வேண்டும் என்றிருந்தது.

"அதே பனங்கட்டி," என்றா மாமி, நாலு பேருக்குக் கேட்கத்தக்கதாக. "அதே குட்டான். ஒருத்தி போட சவர்க்காரமா வருது, மற்றவள் போட இப்பிடி வருது. என்ன பக்குவம் செய்தனி பிள்ளை?"

"கொஞ்சம் தயிர் விட்டனான் மாமி," என்றாள் தர்சினி. பொய்க்கு எவ்வளவு சுலபமாக உண்மையை உடுத்திவிடலாம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிலாந்தினி அப்போதுதான் வந்து, பரிமாறின கையோடு ஒரு துண்டை எடுத்தாள். முகம் அழுது வீங்கியிருந்தாலும் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு கடி கடித்தாள். மென்றாள். வாய் நின்றது. தர்சினி அதைக் கண்டாள். நிலாந்தினி நாக்கு நுனியில் இருந்து எதையோ விரலுக்கு எடுத்துப் பார்த்தாள். கறுப்பான, மினுங்குகிற ஒரு குறுணி. பனங்கட்டி எவ்வளவு பெரிதாகச் சீவிப் போட்டாலும் ஈரத்தில் கரைந்துவிடும், இப்படிக் கண்ணாடிக் கல்லாக மிஞ்சாது. இறுகிப்போன சிவப்புச் சீனிதான் மிஞ்சும். அந்தப் பந்தலுக்குள் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவள் குறுணியை மறுபடி நாக்கில் வைத்தாள். கரையும்வரை பொறுத்தாள். பிறகு நிமிர்ந்து தர்சினியைப் பார்த்தாள்.

சொல்லு, என்று தர்சினி மனதுக்குள் கேட்டாள். உண்மையாகவே அப்படித்தான் கேட்டாள். கத்திச் சொல்லு, சபையில் வைத்து நாறடி, அப்போது உன்னை வெறுப்பதற்கு எனக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

"என்ன பிள்ளை யோசிக்கிறாய்?" மாமி நிலாந்தினியின் பக்கம் திரும்பினா. "நீயே தின்று பார்த்துச் சொல்லு. பனங்கட்டிதானே?"

"ஓம் மாமி," என்றாள் நிலாந்தினி. "பனங்கட்டிதான்."

அவ்வளவுதான். மிச்சத் துண்டையும் தின்று முடித்தாள். கோபமாகப் பார்க்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. தர்சினி கணக்குப் பார்த்தாள். கேக்கிலும் உயரம், பேச்சிலும் உயரம், மாமியின் இரண்டாவது துண்டும் தன் பக்கம், பிறகும் அந்த ஒரு சொல்லால் நிலாந்தினி எங்கேயோ மேலே போய் நின்றுகொண்டாள். அங்கே எட்டுவதற்கு எந்தச் சீனியும் இல்லை.

ஆட்கள் கலைந்தபின் தர்சினி தன்னுடைய கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோனாள். நிலாந்தினி தொட்டியடியில் தனியே நின்றாள். திரும்பி வந்துவிடலாமா என்று தர்சினி யோசிப்பதற்குள் அவள் பேசினாள். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது.

"அந்தச் சீனி பைக்கற் திறந்து கிடந்தால் இறுகிப்போகும். ஒரு ரின்னில போட்டு, பேக்கரிப் பாண் துண்டு ஒண்டும் உள்ளுக்கு வைச்சு மூடி விடுங்கோ. அடுத்தநாள் மெதுவாகியிருக்கும். குத்தத் தேவையில்லை."

தர்சினி தன் கோப்பையைத் தொட்டிக்குள் வைத்தாள்.

"மிச்சம் கிடக்குத்தானே?"

"கிடக்கு," என்றாள் தர்சினி.

"பழுதாக்காதையுங்கோ. நல்ல சீனி."

இவ்வளவு கதைத்தும் அவள் ஒருதரம்கூட அக்கா என்று சொல்லவில்லை என்பது தர்சினிக்குப் பிறகுதான் உறைத்தது. நிலாந்தினி தன்னுடைய கோப்பையைக் கழுவினாள், கவிழ்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். தர்சினியின் கோப்பை தொட்டிக்குள் அப்படியே கிடந்தது.